அரசாங்கப் பிரசுரங்களும் கல்லூரி நூல்நிலையமும்

(திண்டுக்கல்லில் நூலகர்களும் கல்லூரி ஆசிரியர்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கவிதையைப் பற்றியோ காவியத்தைப் பற்றியோ கேட்டு மகிழ வேண்டிய இந்த மாலை வேளையில், அரசாங்கத்தார் அச்சிட்டு வெளியிடும் அறிக்கைகளையும் கணக்குகளையும் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சபையோரின் பொறுமையைச் சோதிக்கும் காரியம் என்பதை நான் அறிவேன். ஆயினும் நம் நாட்டில் மிக அதிகமாக அச்சிடுபவர் யார், அச்சிட்டதை மிக விரைவில் மறந்துவிடுபவர் யார் என்று கேட்டால், இரண்டு கேள்விக்கும் அரசாங்கம் என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது. அப்படி மறக்கப்பட்டவற்றுள் நம்முடைய கிணறும் வயலும் தெருவும் பள்ளிக்கூடமும் அடங்கியிருப்பதால், அவற்றைச் சேர்த்து வைக்கும் கடமை யாருடையது என்பதை ஆராய்வது பயனற்ற வேலையாகாது என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

அரசாங்கப் பிரசுரம் என்றதும் பழுப்பேறிய அட்டையும் முடிவில்லாத எண்வரிசையுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. இந்த எண்ணம் முழுவதும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மிகவும் குறுகிய எண்ணம். நம் மாவட்டத்தின் மேற்கெல்லையில் கோடைக்கானல் மலைமீது 1899-ஆம் வருஷத்தில் சூரிய ஆராய்ச்சிக்கென ஒரு வானாய்வகம் நிறுவப்பட்டது. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற அறிஞர் அங்கே சூரியப் புள்ளிகளை ஆராய்ந்து, அவற்றினின்றும் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்கின்றன என்ற உண்மையைக் கண்டார். இன்றும் அந்த விளைவு உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த வானாய்வகம் அரசாங்க ஸ்தாபனம். அதன் ஆராய்ச்சிச் செய்திமடல் அரசாங்கச் செலவில் அச்சான வெளியீடு. விஞ்ஞான சரித்திரத்தில் இடம்பெற்ற ஒரு கண்டுபிடிப்பும், ஏதோ ஒரு தாலுகாவின் மழைக் கணக்கும் ஒரே வகைப் பிரசுரத்தில் அடங்குகின்றன என்றால், அந்த வகையின் விரிவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டங்கள், விதிகள், அரசிதழ், அரசாணைகள், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், வரவு செலவுத் திட்டம், மானியக் கோரிக்கையின்போது துறைதோறும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு, விசாரணைக் குழுக்களின் அறிக்கை, தணிக்கை அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பருவ மற்றும் பயிர் அறிக்கை, மாவட்ட விவரச் சுவடிகள், நீதிமன்றத் தீர்ப்புகள், நகராட்சி நிர்வாக அறிக்கைகள் ஆகிய எல்லாவற்றையும் இந்தப் பெயரால் குறிப்பது மரபு. இவற்றை ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ திட்டமிட்டுச் சேர்ப்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

இந்த விஷயத்தில் பிற நாட்டார் செய்திருப்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்க நாட்டுக் காங்கிரஸ், தன் நடவடிக்கைப் புத்தகங்களைக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சரித்திர சபைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று 1813-ஆம் வருஷத்திலேயே தீர்மானித்தது. அந்த ஏற்பாடு 1895-ஆம் வருஷத்து அச்சுச் சட்டத்தினால் வலுப்பெற்று வளர்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்நிலையங்கள் மத்திய அரசாங்க வெளியீடுகளை விலையின்றிப் பெற்று, பொதுமக்கள் எவரும் வந்து பார்க்கும்படி வைத்திருக்கும் முறையாக இன்று நிலவுகிறது. குடியாட்சியில் ஆள்வோர் சொன்னதை ஆளப்படுவோர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க இயல வேண்டும் என்ற தத்துவமே இதன் அடிப்படை.

நம் நாட்டில் 1954-ஆம் வருஷத்து நூல் ஒப்படைப்புச் சட்டம், வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கல்கத்தாத் தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம், பம்பாய், டில்லி நூலகங்கள் என நான்கு இடங்களுக்குச் சேர வேண்டும் என்று விதிக்கிறது. அரசாங்கம் வெளியிடும் நூல்களுக்கும் அது பொருந்தும். அலுவலக உபயோகத்துக்கு மட்டுமென அச்சிட்டவை மாத்திரம் விலக்கு. சட்டம் நல்ல சட்டமே. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து கன்னிமாராவுக்குச் செல்ல ஓர் இரவு ரயிலில் கழிய வேண்டும்; வேடசந்தூரிலோ நத்தத்திலோ இருந்து கல்லூரிக்கு வரும் மாணவிக்கு அந்த ஓர் இரவும் அதற்கான செலவும் எளிதில் வாய்ப்பதல்ல. பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அரசாங்க வெளியீடுகளைத் தாமாகவே அனுப்ப வேண்டும் என்ற விதி நம்மிடம் இல்லை. ஆகையால் இந்நாட்டில் அரசாங்க ஆவணத் தொகுப்பு எங்கே உருவாயிருந்தாலும், யாரோ ஒரு நூலகர் கேட்டுக் கேட்டு, அலைந்து அலைந்து சேர்த்ததினால்தான் அது உருவாயிற்று என்று கொள்ளலாம்.

1930-இல் புனாவில் தொடங்கிய கோகலே அரசியல் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் இதற்குத் தக்க உதாரணம். கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் நூல்நிலையமும் அதனோடு இணைந்தது. பேராசிரியர் காட்கிலின் தலைமையில் வளர்ந்த அந்நிலையம், பொருளாதாரம் ஆராய்வோர் தேடிச் செல்லும் இடமாயிற்று. அங்கே நூல்நிலையம் ஆராய்ச்சிக்குத் துணையாக நின்றதோடு, எந்த ஆராய்ச்சி செய்யலாம் என்பதையே அதன் அலமாரிகள் தீர்மானித்தன. நம் பக்கத்தில் அத்தகைய நிலையம் ஒன்று தோன்ற முடியாதா என்பதே என் கேள்வி.

காந்திகிராமத்தை முன்னிட்டு

முடியும் என்று சொல்ல எனக்குத் துணிவு தருவது, திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளப்பட்டியை ஒட்டி அமைந்துள்ள காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் டாக்டர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் அதைத் தொடங்கினார்கள் என்பதும், 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையமாகவும் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் அது மலர்ந்தது என்பதும் இச்சபையோர் அறிந்த செய்திகள். அவ்வளவாக நினைக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. கிராமப்புறங்களில் தனிப் பல்கலைக்கழகங்கள் தோன்ற வேண்டும் என்று 1948-49-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு ஓர் அறிக்கையில் சொன்னது. அந்த யோசனைக்குச் செயல்வடிவம் காண 1954-இல் ஸ்ரீமாலி தலைமையில் வேறொரு குழு அமைந்தது. அதன் பயனாக 1956-இல் கிராமிய உயர்கல்விக்கென ஒரு தேசியக் குழு ஏற்பட்டது. தொண்டர்களின் தவம் அந்நிலையத்துக்கு உயிரென்றால், இந்த அரசாங்க அறிக்கைகளே அதற்கு உடலளித்தன. சௌந்தரம் அம்மையார் 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். ஆகவே சபையில் அவர் ஆற்றிய உரைகளும் அளித்த பதில்களும் மக்களவை நடவடிக்கைப் புத்தகங்களில் அச்சாகியிருக்கின்றன. தன்னுடைய பிறப்பும் தன்னை உருவாக்கியவரின் குரலும் அரசாங்கப் பிரசுரங்களில் பதிந்திருக்கும்போது, அவற்றை ஒன்றுதிரட்டி வைப்பது அத்தகைய கலாசாலைக்குப் புறம்பான வேலையன்று. அதன் சுயசரிதையின் ஒரு பகுதியே ஆகும்.

குறுகிய எல்லையும் முழுமையான தொகுப்பும்

இனி, எதைச் சேர்ப்பது என்ற கேள்வி. நான் இன்று வலியுறுத்த விரும்புவது ஒன்றே: எல்லாவற்றையும் சேர்ப்போம் என்று தொடங்கும் நூல்நிலையம் எதையும் முழுமையாகச் சேர்ப்பதில்லை. அரசாங்கப் பிரசுரத்தின் மதிப்பு தனிப்பட்ட நூலில் இல்லை. இடையறாத வரிசையில் இருக்கிறது. ஐம்பது வருஷத்துப் பருவ மற்றும் பயிர் அறிக்கைகளில் ஏழெட்டு வருஷங்கள் விடுபட்டுப்போனால், அது நம் ஊர் மலைக்கோட்டைப் படிகளில் நடுவே சில பெயர்ந்துபோனது போலத்தான். மீதி எத்தனை உறுதியாக இருந்தாலும் உச்சிக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே, சிறிய எல்லை ஒன்றை வகுத்துக்கொண்டு, அதற்குள் ஒன்றையும் விடாமல் சேர்ப்பதே விவேகம்.

திண்டுக்கல் சமவெளியில் உள்ள ஒரு கல்லூரிக்கு அந்த எல்லை எதுவாக இருக்கலாம்? கிராம வாழ்வும் உள்ளாட்சியும் என்று நான் சொல்வேன். நம் மாவட்டத்தைப் பற்றி அரசாங்கம் எந்தக் காலத்தில் எதை வெளியிட்டிருந்தாலும் அதை விடக்கூடாது. மாநில அளவில் ஊரக வளர்ச்சி, வேளாண்மை, நீர்வளம், கைத்தறி ஆகிய துறைகளின் வெளியீடுகள் போதும். மத்திய அரசின் வெளியீடுகளில் இவ்விஷயத்துக்கு அடிப்படையான அறிக்கைகளை மட்டும் தேர்ந்து வைக்கலாம்: 1952 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் ஆவணங்கள், 1957-ஆம் வருஷத்துப் பல்வந்தராய் மேத்தா குழுவின் அறிக்கை, 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் சம்பந்தமான விவாதங்கள் முதலியன. இவற்றோடு 1958-ஆம் வருஷத்துச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தையும் 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும், அவற்றின்கீழ் பிறந்த விதிகளையும் திருத்தங்களையும் வரிசைப்படுத்தி வைத்தால், கிராம சுயராஜ்யம் என்ற லட்சியம் காகிதத்தில் எப்படியெல்லாம் உருமாறியது என்பதை ஒரே அலமாரியின் முன் நின்று கற்றுவிடலாம்.

மாவட்டத்தின் பழைய வரிசையும் செழுமையானது. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கு வந்தது முதல் இந்நிலத்தைப் பற்றிய எழுத்து பெருகத் தொடங்கியது. நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு 1868-லும், பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச் சுவடி 1906-லும், சுதந்திரத்துக்குப் பின் பி.எஸ். பாலிகா எழுதிய சுவடி 1960-லும் வெளிவந்தன. சென்னை ராஜதானியில் 1871 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் உள்ளன. 1951 முதல் மாவட்டந்தோறும் கணக்கெடுப்புக் கையேடு தனியே வருகிறது. திண்டுக்கல் நகராட்சி 1866-இல் அமைந்தது. இவற்றில் பலவற்றுக்கு மூலப்பிரதி கிடைக்காவிட்டாலும் நகலோ மின்வடிவமோ கிடைக்கும். பழையதைத் தேடும் ஆவலில் புதியதைக் கைவிடுவதுதான் அபாயம்; 1906-ஆம் வருஷத்துச் சுவடி உலகின் பல நூல்நிலையங்களில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் சென்ற வருஷத்தில் அகரம் பேரூராட்சியோ தாடிக்கொம்புப் பேரூராட்சியோ வெளியிட்ட ஒரு சிறு பிரசுரத்தை நாம் எடுத்து வைக்காவிட்டால் வேறு யாரும் எடுத்து வைக்கப்போவதில்லை. நம் மாவட்டத்தில் 306 கிராம ஊராட்சிகள் உள்ளன. அவை ஆண்டுதோறும் தயாரிக்கும் வளர்ச்சித் திட்டங்களை மட்டும் ஒரு கல்லூரி தவறாமல் சேர்த்து வருமானால், இருபது வருஷத்தில் அது தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லாத செல்வமாகிவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். அச்சிட்டு வெளியிட்ட பிரசுரம் வேறு, அலுவலகக் கோப்பு வேறு. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தின் தலைப்பிலும் ந.க. எண் என்று நடப்புக் கணக்கின் எண் இருக்கக் காண்கிறோம். விஷயம் முடிந்ததும் அந்தக் கோப்புக்கு ஆயுள் நிர்ணயிக்கப்படுகிறது. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு; நி.மு. என்று முத்திரை பெற்றதே நிரந்தரமாக வாழும். இவற்றின் பாதுகாப்பு அலுவலகப் பதிவறைக்கும், 1909-இல் சென்னைப் பதிவாலயமாக எழும்பூரில் அமைந்து இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப்படும் ஸ்தாபனத்துக்கும் உரியது. கல்லூரி நூல்நிலையம் கோப்புகளில் கை வைக்க வேண்டாம். பிரசுரங்களே அதற்குப் போதுமான பெரிய உலகம்.

பெறும் வழி

பணம் இருந்தால் வாங்கிவிடலாம் என்று நினைப்பது அனுபவமில்லாதவரின் எண்ணம். அரசாங்க வெளியீட்டின் விலை பெரும்பாலும் சொற்பமே. தடையாக நிற்பது நடைமுறை. புத்தகக் கடைக்காரருக்குக் கழிவு கிடைக்காததால் அவர் வரவழைத்துத் தருவதில்லை. அரசாங்க விற்பனை நிலையமோ முன்பணம் கேட்கும். கல்லூரிக் கணக்குப் பிரிவோ, புத்தகமும் ரசீதும் கைக்கு வந்தபின் மட்டுமே பணம் தரும். அதற்கு முன் மூன்று கொட்டேஷன் எங்கே என்றும் கேட்கும். உலகில் ஒரே இடத்தில் மட்டும் விற்கும் பொருளுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு வரச் சொல்லும் இந்த வேடிக்கையினால், இருபது ரூபாய்ப் புத்தகம் ஒன்று நூல்நிலையத்துக்கு வராமலே அச்சில் தீர்ந்துபோவதுண்டு. ஆகவே கல்லூரி நிர்வாகம் செய்ய வேண்டிய முதற்காரியம், அரசாங்க வெளியீடுகளுக்குக் கொட்டேஷன் வேண்டாம், முன்பணம் அனுப்பலாம் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி, தணிக்கையாளர் பார்க்கும்படி அதைக் கோப்பில் வைப்பதாகும்.

இரண்டாவது, நேரில் செல்லுதல். மாவட்டப் புள்ளியியல் அலுவலகம், ஊரக வளர்ச்சி முகமை, வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகம், நகராட்சியிலிருந்து மாநகராட்சியாக உயர்ந்துள்ள நம் நகர அலுவலகம் ஆகியவற்றில் யாருடைய மேசையில் பிரதிகள் வந்து இறங்குகின்றன என்பதை நூலகர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடிதத்துக்குப் பதில் வராத இடத்தில், முகமறிந்த மனிதருக்குப் பிரதி கிடைத்துவிடும். மறுக்கப்பட்டால் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. 2005-ஆம் வருஷத்து அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டியவை எவை என்று அலுவலகங்களுக்கு விதித்திருக்கிறது. ஆனால் அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வதே நட்புக்கு அழகு.

மூன்றாவது வழி பழைய இல்லங்கள். கிராம முன்சீப், கர்ணம் ஆகிய பதவிகள் 1980-இல் ஒழிக்கப்படும் வரை, கிராமக் கணக்குக் கையேடுகளும் அரசாணைத் திரட்டுகளும் அப்பதவியில் இருந்தோர் வீட்டுப் பரண்களில்தான் இருந்தன. ஓய்வுபெற்ற தாசில்தார்கள், வழக்கறிஞர்கள், கூட்டுறவு அதிகாரிகள் ஆகியோர் மறைந்ததும் அவர்களுடைய சேகரம் எடைக்குப் போகிறது. பழைய காகிதக் கடைக்காரரிடம் நூலகர் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அடுக்கும் முறை

வந்ததை எப்படி அடுக்குவது என்பது நூலகக் கலையிலேயே கடினமான பிரச்சினைகளில் ஒன்று. 1890-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பொது நூல்நிலையத்தில் பணிபுரிந்த அடிலெய்ட் ஹாஸ் என்ற அம்மையார், அரசாங்க வெளியீடுகளை விஷயவாரியாகப் பிரிக்காமல், வெளியிட்ட துறைவாரியாகவே வரிசைப்படுத்தும் முறையை வகுத்தார். அமெரிக்கத் தொகுப்புகள் இன்றும் அந்த வழியைப் பின்பற்றுகின்றன. சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், விஷயப் பகுப்பில் உலகம் வியக்கும் முறையை உருவாக்கியவர். அவரும் தம் பட்டியல் விதிகளில் அரசாங்கத்தையும் அதன் துறையையும் நூலாசிரியராகவே கொண்டு பதியும் முறையை ஏற்படுத்தினார். என் அபிப்பிராயம் இரண்டையும் இணைப்பதே: அலமாரியில் துறைவாரி வரிசை, பட்டியலில் விஷயவாரிப் பதிவு.

ஆனால் துறைகள் நிலையாக இருப்பதில்லை. ஊர்களின் பெயர்களும் இருப்பதில்லை. திண்டுக்கல்லைப் பற்றித் தேடுகிறவர் 1985 செப்டம்பர் 15-ஆம் தேதிக்கு முந்தைய புள்ளிவிவரங்களை மதுரை மாவட்டத்தின்கீழ் தேட வேண்டும். அதற்குப் பிறகும் சில காலம் தலைவர்களின் பெயரைச் சேர்த்து இம்மாவட்டத்தை அழைத்தார்கள். 1996-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இது திண்டுக்கல் அண்ணா மாவட்டம். மாநிலமே 1969 வரை சென்னை மாநிலம். நிலவரி விஷயத்துக்கெல்லாம் அதிகாரியாயிருந்த வருவாய் வாரியம் 1980-இல் கலைக்கப்பட்டது. போதாக்குறைக்கு, வருவாய்த் துறைக் கணக்குகள் ஆங்கில வருஷத்தில் இராமல் பசலி வருஷத்தில் இருக்கும். 1320-ஆம் பசலி என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை என்பதை அறியாத மாணவன் அந்தப் புத்தகத்தைத் திறந்த மாத்திரத்தில் மூடிவிடுவான். இந்த மாற்றங்களை எல்லாம் 'இதையும் காண்க' என்ற குறிப்புகளால் ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதே பட்டியல் தயாரிப்பவரின் உயர்ந்த தொண்டு. கணினி இதை வேகமாகச் செய்யும். எதை எதனோடு பிணைப்பது என்று அறிந்த மனிதர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பிறகுதான் செய்யும்.

காகிதமும் திரையும்

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, அலமாரி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் துறையின் இணையதளம் புதுப்பிக்கப்படும்போது பழைய கொள்கை விளக்கக் குறிப்புகள் இடம்பெயர்ந்தும் மறைந்தும் போவதை ஆராய்ச்சியாளர்கள் அறிவார்கள். தமிழக அரசு ஒருங்குறியை 2010-இல் ஏற்பதற்கு முன்பு வானவில் முதலிய எழுத்துருக்களில் தயாரான தமிழ்க் கோப்புகள், கண்ணுக்குத் தெரிந்தாலும் தேடுபொறிக்குத் தெரியா. ஆகையால் மானியக் கோரிக்கை நடைபெறும் வாரத்திலேயே குறிப்பை இறக்கி, இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து, முக்கியமானவற்றைக் காகிதத்திலும் அச்சிட்டுக் கட்டி வைப்பது நல்லது. காகிதத்துக்கும் ஆபத்து உண்டு. மலிவான தாளில் அச்சான பழைய அரசிதழ்கள் விரல் பட்டால் ஒடிகின்றன, நம் ஊர் வெயில் அதைத் துரிதப்படுத்துகிறது. அவற்றைக் கட்டடம் செய்யத் தையல் போடுவதைவிட, மின்பிரதி எடுத்துவிட்டு அமிலமற்ற உறையில் கிடைமட்டமாக வைப்பதே உசிதம்.

ஒரு கிணற்றின் கதை

இத்தனை பாடுபட்டுச் சேர்ப்பதனால் என்ன பயன் என்பதைப் பொதுவாகச் சொல்லாமல் நம் மண்ணிலிருந்தே காட்டுகிறேன். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் சட்ட மாணவர்கள் அனைவரும் படிக்கும் அந்தத் தீர்ப்பில், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, அந்தக் கிணறுகள் எப்போதிலிருந்து இருந்தன, எவ்வளவு நிலத்துக்கு நீர் பாய்ச்சின, இன்று என்னவாயின என்று அறிய ஒரு மாணவி புறப்படுகிறாள் என்று கொள்வோம். நல்ல தொகுப்பு இருந்தால், விவரச் சுவடிகளில் இவ்வட்டாரத்தின் பாசன வரலாற்றைக் காண்பாள்; பருவ மற்றும் பயிர் அறிக்கைகளில் கிணற்றுப் பாசனப் பரப்பை வருஷந்தோறும் எடுத்து எழுதுவாள்; 1985-க்கு முன் அந்த எண் மதுரையோடு கலந்திருப்பதைப் பட்டியல் குறிப்பு அவளுக்கு எச்சரிக்கும்; கணக்கெடுப்புக் கையேட்டின் கிராமப் பகுதியில், குடிநீர் கிணறா குழாயா எனக் குறித்த பத்தியை ஒவ்வோர் ஊருக்கும் ஒப்பிடுவாள்; தீர்ப்பையும் அதன் பின் வந்த ஆணைகளையும் படிப்பாள்; கடைசியில் அந்த ஊராட்சிகளின் இவ்வருஷத்து வளர்ச்சித் திட்டத்தை எடுத்து, குடிநீருக்கு ஒதுக்கிய தொகையைப் பார்ப்பாள். ஒரே மேசையில் ஒரு வாரத்தில் முடியும் இந்த வேலை, தொகுப்பு இல்லாத ஊரில் தொடங்கவே தொடங்காது. தீர்ப்பில் சொன்ன அந்தக் கணக்கெடுப்பின் மூலப் பிரதியைக் காட்டுங்கள் என்று அவள் கேட்டால் நாம் எந்த அலமாரியைக் காட்டப்போகிறோம் என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

அரசாங்கம் அச்சிட்டதெல்லாம் மெய் என்பது என் வாதமன்று. கிணற்று நீர் கெட்டதைத் தொண்டு நிறுவனம் எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சாட்சி. அரசாங்கம் ஒரு காலத்தில் இதைச் சொன்னது என்பதற்காகவே அதைப் பாதுகாக்கிறோம். சொன்னது கையில் இருந்தால்தான், நடந்ததோடு அதை ஒப்பிட்டுக் கேட்க முடியும். ஆகவே இந்தத் தொகுப்பு கல்லூரிக்கு உள்ளேயே அடைபட்டிருக்கக் கூடாது. ஊராட்சித் தலைவரும் விவசாயியும் பத்திரிகையாளரும் அடையாள அட்டையின்றி வந்து பார்க்கும்படி வாரத்தில் ஒரு நாளாவது அதற்குத் திறந்த கதவு வேண்டும்.

அன்பர்களே, நம் மாவட்டத்தில் உள்ள கல்லூரிகள் எல்லாம் ஒன்றைப்போல மற்றொன்று அரைகுறையாகச் சேர்ப்பதைவிட, ஒன்று உள்ளாட்சியையும், ஒன்று நீரையும் வேளாண்மையையும், ஒன்று சின்னாளப்பட்டி நெசவும் திண்டுக்கல் பூட்டும் போன்ற கைத்தொழில்களையும், ஒன்று கல்வியையும் சுகாதாரத்தையும் எனப் பங்கிட்டுக்கொண்டு, பொதுப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது எளிது, செலவும் குறைவு. அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம், ஓர் அறையும் பொறுப்பேற்கும் ஒருவரும் போதும். இவ்வருஷத்துப் பிரசுரங்களிலிருந்து தொடங்குங்கள். பழையவற்றை மெல்லத் தேடிக்கொள்ளலாம். முதல்வர்கள் கொட்டேஷன் இல்லாமல் வாங்க அனுமதி கொடுங்கள். பேராசிரியர்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் அரசாங்க ஆவணத்தைக் கொண்டே எழுத வேண்டிய ஒரு கட்டுரையாவது விதியுங்கள். அலுவலக அன்பர்கள் பழைய அரசிதழையும் அறிக்கையையும் எடைக்குப் போடுவதற்கு முன் அருகிலுள்ள நூலகருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே.